வெள்ளிக்கிழமை சங்கு

காங்கயம் எண்ணெய் மில்லில்
ஆறு மணிச் சங்கு ஊதியதும்
ரபி அன்ஷல் பேனாவை மூடினார்.
எங்களுக்கு அது ராத்திரி ஷிப்ட் தொடங்கும் சங்கு.
அவருடைய ஊரிலும் வெள்ளி பொழுதோட ஒன்று ஊதுமாம்,
ரொட்டி அடுப்பும் தையல் மெஷினும்
பையன்களின் சைக்கிளும்
அப்படி அப்படியே நிற்பதற்கு.
நூற்றுப்பத்து வீடு, எல்லாம் அவர் ஆட்கள்.
"பங்காளிகளா?" என்றான் வாட்ச்மேன் சென்னியப்பன்.

சர்ட்டிபிகேட்டில் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.
நாளை மூன்று நட்சத்திரம் தெரியும்வரை
எழுதமாட்டார், ஸ்விட்சைத் தொடமாட்டார்.
"நாங்க சுத்த சைவங்க சாமி" என்றார் முதலாளி.
"நீங்கள் சைவம். டேங்கர்?"

கழுவிய ரிஜிஸ்டரில் மூன்றாம் வரி என்னுடையது.
சோப்புக் கம்பெனிக்குப் போய்வந்த வண்டி.
டிரைவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை,
மூடியைத் திறந்தபோது கொழுப்பு வாசம்
கேட்காமலே சொன்னது.

ராத்திரி அவர் ரூமில் விளக்கு எரிந்தபடி இருக்க,
வெளிச்சத்தில் தூக்கம் சிரமம் என்று
சுவரைப் பார்த்துச் சொன்னாராம்.
சென்னியப்பனுக்கு இங்கிலீஷ் தெரியாது,
இருந்தும் போய் அணைத்துவிட்டான்.
எங்கள் பக்கம் கடன் கேட்க வருகிறவனும்
மழையைப் பற்றித்தான் பேசுவான்.

சனிக்கிழமை முழுக்க மேஜையைத் தட்டிப் பாடினார்.
சில வார்த்தைகளுக்குப் பத்து ஆண்கள் வேண்டுமாம்.
அவற்றை விட்டுவிட்டுப் பாடினார்,
எக்ஸ்பெல்லர் இரைச்சலுக்கு மேலே.

பொழுதெறங்கப் பருப்புக் களத்தில்
அந்தக் கறுப்புக் கோட்டோடு அண்ணாந்து நின்றார்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதை, சிவன்மலைக்கு மேலே,
நான்தான் காட்டினேன்.

பின்னிய மெழுகுவத்தி ஏற்றினார்.
முகர்ந்து பார்க்க ஏலக்காய் டப்பாவை
என் கையில் தராமல் திட்டில் வைத்தார்.
எனக்கு அந்த இன்னொரு வாசம்தான் வந்தது.

பேனாவைத் திறந்தார்.
"மூணாவது வரி பொய்ங்க."
தமிழில் வந்துவிட்டது. அப்புறம் இங்கிலீஷில் சொன்னேன்.

முதலாளி செருப்பைத் தேடினார்.
ரபி கேட்டது ஒன்றுதான்:
வண்டி எப்போதிருந்து சும்மா நிற்கிறது?
நேற்று மத்தியானத்திலிருந்து, வெள்வேல மரத்தடியில்.
"அதற்கும் ஒரு நாள் ஓய்வு ஆகிவிட்டது.
கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விடுங்கள்.
இந்த முறை நான் நின்று பார்க்கிறேன்."

பாய்லர் வால்வைத் திருகுகிறேன்.
திங்கட்கிழமை எனக்கு இங்கே வேலை இருக்குமா,
யாரும் சொல்லவில்லை.
களத்துக்குக் குறுக்கே ஓஸ் பைப்பை இழுத்துக்கொண்டு
சென்னியப்பன் வருகிறான்.