பன்னண்டுக்குப் பத்து

மண்டபம் வேண்டாம், பிரியாணி வேண்டாம்.
"எல்லாரும் ராத்தங்கோணும்மா,
விடிய விடியப் பேசோணும். அவ்வளவுதான்"
என்றாள் சம்யுக்தா.
அவ்வளவுதானுக்கு
எத்தனை பாய் வேண்டுமென்று அவளுக்குத் தெரியாது.

வீடு பன்னண்டுக்குப் பத்து.
பீரோவும் சிலிண்டரும் நிற்கிற இடம் போக
குறுக்கே படுத்தால் நாலு பேர்,
நீளவாக்கில் ஐந்து,
ஒருத்தி ராத்திரி முழுக்க
ஒருக்களித்தே தூங்கச் சம்மதித்தால் ஆறு.
நான் கதவோரம், செருப்புகளோடு.

சனிக்கிழமைச் சம்பளத்தில்
வாடகை, குழுத்தவணை, பால் எல்லாம் போக
கையில் நின்றது அறுநூத்து நாப்பது.
பண்டல் அட்டையைத் திருப்பிப்போட்டு எழுதினேன்.
அரைக் கிலோ கேக் முந்நூறு.
முட்டையில்லாததென்றால் இருபது கூட;
நந்திதாவுக்குச் சனிக்கிழமை முட்டை ஆகாது.
அரிசிம்பருப்பு சாதம்,
அதற்குத் தொட்டுக்க எதுவும் கேட்காது,
நெய் மட்டும் கொஞ்சம் தாராளமாக.
அப்பளம். மருதாணிக் கோன் ரெண்டு. பலூன்.
மிச்சம் இருபதுக்குக் கொசுவத்தி.

நூத்தியிருபதை மட்டும் முதலிலேயே
தனியாக எடுத்து வைத்திருந்தேன்.
கம்பெனியில் கழித்த டீசர்ட்டுகள் கிலோக் கணக்கில் கிடைக்கும்,
ஏதோ ஒரு நாட்டுப் பன்னெண்டு வயசுக்காரிக்குத் தைத்தவை.
ஒன்றில் ஊசி லைன், ஒன்றில் எண்ணெய்க் கறை,
ஒன்றில் கழுத்துப்பட்டி கோணல்.
ஒவ்வொரு பழுதுக்கும் நேரே
சிவப்பு அம்புக்குறி ஒட்டியதும் நான்தான்.
ஆறு பேருக்கும் ஒரே மாதிரி ராத்திரி உடுப்பு.

ஆறு வீட்டுக்கு ஒரு குளியலறை.
ஞாயித்துக்கிழமை வரிசையில்
ஐந்து பிள்ளைகள் கூட நிற்பார்களென்று
பாக்யலதாவிடம் தயங்கிச் சொன்னேன்.
ஒடிசாவிலிருந்து வந்து ரெண்டு வருஷம்;
"நிக்கட்டும் அக்கா, நான் ராத்திரியே குளிக்கிறேன்" என்றாள்
என்னைவிடத் தெளிவான தமிழில்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது, நந்திதா அம்மா.
"ஏனுங்க, தப்பா நினைக்காதீங்க,
வீட்டுல ஆம்பளைங்க யாராச்சும் இருக்காங்களா?"

மூணு வருஷமாக இதே கேள்வி.
வீட்டுக்காரர் கேட்டார், பள்ளிக்கூடத்துப் படிவம் கேட்டது,
கேஸ் கம்பெனியில் கேட்டார்கள்.
ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிவிட்டுக்
கொஞ்சம் குட்டையாகத் திரும்பி வந்தேன்.
"இல்லீங்க" என்றேன்.
"அப்பச் சரீங்க, நாளைக்குச் சாயங்காலம்
நாங்களே கொண்டாந்து விடறோம்."
அவர் போனதில் வந்த முதல் லாபம்.
அட்டையில் அதை எந்த வரியில் எழுதுவதென்று தெரியவில்லை.

ராத்திரி எதுவும் கணக்குப்படி நடக்கவில்லை.
ஏழரைக்கே பலூனெல்லாம் உடைந்து
பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டது.
கரண்ட் போனது. ரெஹானா ஜன்னலோரம் கேட்டு அழுதாள்,
கிடைத்ததும் அது வேண்டாமென்றாள்.
சாதம் அடிப்பிடித்துத் தீய்ந்தது;
தீய்ந்ததற்குத்தான் சண்டை வந்தது.
நான் தூங்குகிற மாதிரி கிடந்தேன்.
இருட்டில் யாரோ சொன்னாள்:
"உங்கூட்டுல சத்தமாச் சிரிக்கலாம் போல."
சம்யுக்தா ஒன்றும் சொல்லவில்லை.
கொசுவத்தி முனை மட்டும் சிவப்பாக இருந்தது.

அஞ்சு மணிக்கு நல்ல தண்ணி.
குடத்துக்கு எழுந்தால்
என் ஸ்டிக்கர் ரோல் காலியாகக் கிடக்கிறது.
கால் மேல் கால் போட்டுத் தூங்குகிற ஆறு பேர் மேலும் அம்புகள்:
முகவாய்ப் பருவுக்கு ஒன்று, முழங்கால் பொருக்குக்கு ஒன்று,
வாய் பிளந்து கிடந்த ரெஹானாவின்
தெத்துப்பல்லுக்கு நேராக ஒன்று.
என்னையும் விடவில்லை.
குதிகால் வெடிப்பில், கட்டைவிரலில் ஊசி ஏறின தழும்பில்.
அப்புறம் ஒன்று, இடது கன்னத்தில்.

கண்ணாடியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.
மரு இல்லை, மங்கு இல்லை, மை கூட ஒட்டியிருக்கவில்லை.
பதினோரு வருஷம் செக்கிங்கில் இருக்கிறேன்,
ஒன்றுமில்லாத இடத்தில் யாரும் அம்பு ஒட்டமாட்டார்கள்.

"என்ன அக்கா இது?" குழாயடியில் பாக்யலதா.
தெரியலை, இன்னும் பாக்கோணும் என்று
குடத்தை முன்னால் நகர்த்தி வைத்தேன்.