இடப்பக்கம்

முதல் தடவை லாரி.
தீவு விரைவுச்சாலையில், புக்கிட் தீமா வழி பிரியும் இடத்தில்,
தூறிக்கொண்டிருந்தது.
இடப்பக்கம் ஒதுங்கினேன். அங்கே அவன் இருந்தான்.
எங்கிருந்து வந்தான், எங்கிருந்து வந்தான் என்று
அன்று முழுக்கப் புலம்பினேன்.
லாரியின் கேமராவைப் போட்டுக் காட்டினார்கள்.
அவன் எங்கிருந்தும் வரவில்லை.
அரை நிமிடமாக அங்கேயேதான் இருந்தான்.

காக்கி புக்கிட் பட்டறையில் கொக் வா
பென்சிலால் கதவைத் தட்டித் தட்டி
ஓசையை வைத்தே விலை சொன்னார்.
கறுப்பு வண்டிக்கு வண்ணம் பொருத்துவது சுலபமாம்.
கோப்பி சி வாங்கித் தந்தார்.

பதினோரு வருடம் நான் எதுவும் கேட்டதில்லை.
எதுவும் கேட்காதவனுக்குப் பாதி விலை:
காப்புறுதிக்காரர்களின் நியாயம் அது.
ஒருமுறை கேட்டதும்
ஐம்பது விழுக்காடு இருபதானது.

இரண்டாவது, தூண்.
ஈசூனில் எங்கள் புளோக்கை ஒட்டிய
பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில்
இருபது வருடமாக நிற்கும் அதே தூண்,
மஞ்சளும் கறுப்பும் பட்டையடித்த தூண்,
ஒரு ராத்திரியில் ஓரடி நகர்ந்து வந்ததென்று
படிவத்தில் எழுத முடியாது.
'எப்படி நடந்தது' என்ற கட்டத்தில்
ஐந்து வரிக்கு இடம் இருந்தது.
நான் இரண்டில் முடித்தேன்:
தரை ஈரம்.
வெளிச்சம் போதாது.
இரண்டும் உண்மை.
பொய் சொல்ல உண்மைதான் எவ்வளவு ஒத்தாசை.

இருபது பூஜ்யமானது.
கொக் வா இந்தமுறை கதவைத் தட்டவில்லை.
இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துத்
தூக்கம் பத்தலையா என்பதுபோல் காட்டினார்.
ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.
அதுவும் ஒரு வாக்குமூலம்தான்.

மூன்றாவதைச் சொல்லவே கூச்சம்.
தேக்காவில், ஓரமாக நிறுத்தியிருந்த காய்கறி வேன்.
பக்கக் கண்ணாடி மட்டும் போனது.
முருங்கைக்காய்க் கட்டு ஒன்று சரிந்து
சாக்கடை மூடியின் மேல் விழுந்தது.
வேன்காரர் அதற்குக் காசு வாங்க மறுத்தார்.
அண்ணே, பார்த்துப் போங்க என்றார்,
பார்த்து என்பதைக் கொஞ்சம் அழுத்தி.

குறைக்க இனி ஒரு விழுக்காடும் இல்லை,
ஆகவே துணிந்து கேட்டேன்.

மறுநாள் காப்புறுதி நிறுவனத்திலிருந்து ஹிதாயா.
இருபத்தைந்து வயதுக் குரல்.
கோரிக்கை எண்களை ஒவ்வொன்றாக வாசித்தாள்.
தட்டச்சுச் சத்தம் நின்றது.
'சார், இடப்பக்கப் பின்கதவு.
இடப்பக்க முன்மூலை.
இடப்பக்கக் கண்ணாடி.'
ஆமாம் என்றேன்.
'மூன்றும் இடது.'
கேள்வியா அது? தெரியவில்லை.
முகம் பாராத ஒருத்தி
என் வருடத்தை ஒரே திரையில் வைத்துப்
படித்துக்கொண்டிருந்தாள்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
'என் அப்பாவும் டாக்சி ஓட்டினார், சார்.
கண்ணைக் காட்டிவிடுங்கள்' என்றாள்.
உடனே அலுவலகக் குரலுக்குத் திரும்பி
புதிய சந்தாவைச் சொன்னாள். நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

கூ டெக் புவாட் மருத்துவமனையில்
வெள்ளைக் கிண்ணம் ஒன்றுக்குள் முகத்தை வைத்து,
வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம்
பொத்தானை அமுக்கச் சொன்னார்கள்.
இடக்கண் முறை வந்தபோது தாதி கேட்டாள்,
ஏன் அங்கிள் அமுக்கவில்லை?
இன்னும் ஆரம்பிக்கவில்லையே என்றேன்.

வீட்டுக்கு எம்ஆர்டியில் வந்தேன்.
சாவி பையில் கனத்தது, அவ்வளவுதான்.
ராத்திரிச் சாப்பாட்டில்தான் கவனித்தேன்:
அப்பளம், ஊறுகாய், தண்ணீர்த் தம்ளர்
எல்லாம் என் வலப்பக்கம்.
சௌந்தராகூட நாற்காலியை மாற்றிப் போட்டிருந்தாள்.
வண்டியில் இத்தனை வருடம்
என் இடப்பக்கம் உட்கார்ந்து வந்தவள்.

எத்தனை நாளாய் இப்படி என்று கேட்டேன்.
ரசத்தை ஊற்றிக்கொண்டே,
'சீனப் புத்தாண்டுலேர்ந்து' என்றாள்.

லாரி மே மாதம்.