அப்புறம் என்றால்

மாரிபோர் மருத்துவமனைச் சலவைக்கூடம்.
வேலைக்கு வந்த மூன்றாம் நாள்
யெர்னேய் கேட்டான்:
"அப்புறம் என்றீர்களே, அது எத்தனை மணி?"

நக்கல் என்று நினைத்து முறைத்தேன்.
அவன் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.
என் சட்டையின் இரண்டாம் பொத்தானிடம்
பதிலுக்குக் காத்திருந்தான்.

இருபத்திரண்டு வருடமாய் மேற்பார்வை எனக்கு.
கொஞ்சம் பார்த்துப் போடு,
சட்டுபுட்டென்று முடி,
அதை அங்கே வை.
இவ்வளவுதான் என் கைமுதல்.

அன்று சாப்பாட்டு நேரத்தில்
திராவா ஆறு தெரியும் ஜன்னலோரம் உட்கார்ந்து
ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.
கொஞ்சம்: நாற்பது கிராம் சோப்பு.
அங்கே: நீலத் தள்ளுவண்டி, கீழ்த்தட்டு.
அப்புறம்:
பேனா நின்றுவிட்டது.
எனக்கே தெரியாததை
எத்தனை பேரைத் திட்டிச் செய்ய வைத்திருக்கிறேன்!

தாளை இயந்திரத்தில் ஒட்டியதும்
ஸ்லாவ்கா வந்து வெகுநேரம் படித்தாள்.
"பதினொரு வருடமாக எனக்கும் இது தெரியாது.
கேட்க வெட்கம்."

உலர்த்தி அலறும்போது காதை மூடிக்கொள்கிறான் யெர்னேய்.
பிறந்தநாள் பாட்டுக்கு வரமாட்டான்.
அவன் பங்கு கேக்கைப்
போர்வை அலமாரியில் வைத்துவிட்டு வருகிறோம்.
தட்டு கழுவித் திரும்பிவிடும்.
சில நாள் அவன் மேல் எரிச்சல் வருகிறது,
வராது என்று சொன்னால் பொய்.

நேற்று வீட்டிலிருந்து போன்:
"எப்போது வருவாய்?"
"இதோ" என்று வாயெடுத்தவள்
"மூன்று இருபது" என்றேன்.

போய்ச் சேர்ந்தபோது மூன்றே முக்கால்.
என் கணவர் வாசலிலேயே நின்றிருந்தார்,
முதல் முறையாகக்
கோபப்பட ஒரு நேரம் கிடைத்தவராக.