மூன்றாவது கை

வால்டாக்ஸ் ரோட்டுப் பழைய இரும்புக் கடையில்
இரண்டு கிடந்தன.
ஒன்று பளபளப்பு; சுற்றினால் கரகரத்தது.
மற்றது உடம்பெல்லாம் கீறல், சத்தமில்லை.
கீறலை வாங்கினேன்.
எண்ணூற்றைம்பது, பேரம் போக.

ராயபுரம் வீட்டில் எந்த மேசைக்கும்
அதன் திருகு வாய் திறக்கவில்லை.
கடைசியில் தையல் மிஷின் பலகையைக் கவ்வியது.

தண்ணி மட்டும் காட்டாதே, என்றிருந்தான் கடைக்காரன்.
இங்கே காற்றே போதும் துருவுக்கு.
அழுக்கெடுக்க விட்ட முதல் மாவு
கறுத்த பட்டையாய் வந்தது;
காக்கையே யோசித்தது.

ஒன்றாம் எண்ணில் கம்பளி
நான்கில் பனியன் துணி
ஆறில் என் ரேகை தெரிந்தது மறுபக்கம்.

சிக்கல் நீளம்தான்.
ஒரு கை சுற்ற, ஒரு கை ஊட்ட,
வருவதைத் தாங்க?

மோட்டார் பில்லுக்காக ஏழு மாதம் பேசாத
மாடிவீட்டு டெல்ஃபின்
படியிறங்கியவள் கதவோரம் நின்றாள்.
பட்டை தரை தொட ஒரு சாண் இருக்கையில்
இரண்டு உள்ளங்கையும் நீட்டினாள்.

சுற்றினேன்.

கொடியில், லுங்கிக்கும் துண்டுக்கும் நடுவே
நூடுல்ஸ் காய்ந்தது.

"அத்தோவா போடப் போற?
தட்டை மேல கெடக்கு, எடுத்தாரவா?"

ஈரத்துணிக்கடியில்
இன்னும் இரண்டு உருண்டை இருந்தது.