நிலா வாசல் பாதை

மைலோ டப்பா. முகக்கவசம்.
மீகோரெங் கட்டிய பொட்டலத்தாள்.
ஒற்றைச் செருப்பு, யாருடைய இடதுகாலோ.
தராசில் தொங்கவிட்டுப் பார்த்தான் ஹொக் செங்:
ஒன்பதே முக்கால் கிலோ.
பத்தைத் தொட்டால்தான்
புறப்பாட மதிப்பெண்.

அட்டை உறிஞ்சிய கணுக்காலைச் சொறிந்தபடி
வேரிடுக்கில் கைவிட்டாள் யுகேந்திரி.
கழுத்து வெட்டிய போத்தல்;
எப்போதோ பெய்த மழை அரைவாசி;
அதற்குள்
ஏழெட்டுத் தலைப்பிரட்டைகள்,
ஒன்றுக்குக் கால் முளைத்திருந்தது.

"தண்ணியோட கட்டு, சரியா வரும்."

கீழே ஓடை கல்லாய்க் கிடந்தது.
போத்தலை இருந்த இடத்திலேயே வைத்து
சாயாமல் இரண்டு கல் முட்டுக்கொடுத்தாள்.

தண்ணீர்மலை நிறுத்தத்தில்
பையை முகர்ந்த ஓட்டுநர்
"டுரியானா?" என்றார்.
குப்பை என்றதும்
ஏறச் சொன்னார்.