போத்து

புரட்டாசி இரண்டாவது ஞாயிறு.
பொன்னுருகக் காயும் என்பார்கள்.
என் பொன் கூட்டுறவு வங்கிப் பெட்டகத்தில்
பத்திரமாக இருக்கிறது, உருகாது.
உருகுவது நான்தான்,
கத்தரி நாற்றுக்குக் கிளறிய
ஆறடிச் செம்மண்ணில் குந்தியபடி.

மண்வெட்டி ஒரு சாண் இறங்கியதும் ணங் என்கிறது.
புதுவயலில் என் பங்குக்கு வந்த மனை,
பாறைக்கு மேல் போர்த்திய பழைய சேலை அளவுக்கு மண்.
பொறுக்கிய சரளையைத்
தென்னைப் பாத்திக்கு வரம்பாக அடுக்கினேன்.
போன வாரம் அடுக்கியதைக் கோழி கலைத்துவிட்டது.
என் கோழி இல்லை.

ரைஸ் மில்லில் கணக்கெழுதுகிறவளுக்கு
ஒரு சலுகை உண்டு:
உமிச்சாம்பல், வேண்டிய மட்டும்.
ஸ்கூட்டியில் மூட்டையை வைத்து ஓட்டி வந்தால்
ரயிலடி தொட்டு வீட்டு வாசல் வரை
சாம்பலில் கோடு கிழித்தபடி வருவேன்.
விதைத்த இடத்தைச் சுற்றி
எறும்புக்கு ஒரு வளையம்,
அவரைக் கொழுந்தில் அப்பிய அசுவினிக்குக் கைப்பிடி,
மீதி என் தலையில்.

புடலைப் பிஞ்சுக்குக் கல் கட்டினேன்.
நேராக வளர வேண்டுமாம்.
பிளஸ் டூ படிக்கும் மகன்
பதினோரு மணிக்கும் கோணலாகப் படுத்துக் கிடக்கிறான்.
கல் மிச்சமிருக்கிறது.

பிறகு முருங்கை.

அதைத்தான் நாலு நாளாகத் தள்ளிப்போட்டேன்.
சுவர் தாண்டி, ரமலா வீட்டுத் துணிக்கொடி வரை
கை நீட்டி நிற்கிறது.
போன ஐப்பசியில் அந்தக் கை வழியாகத்தான்
கம்பளிப்புழு வரிசையாக இறங்கி
அவள் சின்ன மகனின் பள்ளிச் சட்டைக்குள் போனது.
கழுத்தெல்லாம் தடிப்பு. ஊசி போட்டார்கள்.
"வளக்கத் தெரியுது, வெட்டத் தெரியலையா?"
நானும் சும்மா இல்லை, கோழியைப் பற்றிச் சொன்னேன்.
கோழியோடு நிறுத்தியிருக்கலாம்.

பதினோரு மாதம்.
தண்ணீர் லாரி வரிசையில்கூட
எங்கள் நடுவே ஒரு குடம் இடைவெளி.

துரட்டியை மாட்டி இழுத்தேன்.
முருங்கைக்கு முறிய அதிகம் சொல்ல வேண்டியதில்லை.
முறிந்தது.
அந்தப் பக்கம்.
தகரக் கொட்டகை அதிர, ஆடு ஒன்று அலறியது.
பிறகு அலறல் நின்று
மெல்லும் சத்தம்.

சுவருக்கு மேல் முக்காடு தெரிந்தது.
கிளையைப் பார்த்தாள்.
சாம்பல் பூசிய என்னைப் பார்த்தாள்.
சிரிப்பு வந்திருக்க வேண்டும், விழுங்கிவிட்டாள்.
இழுத்துக்கொண்டு போனாள்.
மண்ணில் இழுபடும் சத்தம்
வெகுநேரம் கேட்டது.

வியாழன் சாயங்காலம்
கத்தரி முளைத்ததா என்று குனிந்தவள்
(ஏழெட்டு, அவ்வளவுதான்)
நிமிர்ந்தபோது பார்க்கிறேன்:
அவள் கொல்லையில், சுவரை ஒட்டி,
என் மணிக்கட்டுப் பருமனில் ஒரு போத்து.
உச்சியில் சாணி உருண்டை,
மொட்டையடித்த பிள்ளைக்குச்
சந்தனம் அப்பியது போல.
பக்கத்தில் குடத்தோடு ரமலா.

"தண்ணி ரொம்ப விடாதே, அழுகிடும்."
என் வாய்தான் சொன்னது.
"தெரியும்" என்றாள்.
சாய்த்த குடத்தை மட்டும் நிமிர்த்திவிட்டாள்.

கோழி சுவரேறி என் பாத்தியை எட்டிப் பார்த்தது.
விரட்டினேன்.
அதில் மாற்றமில்லை.

இனி அடுத்தடுத்த ஐப்பசிகளில்
கம்பளிப்புழுவுக்கு இரண்டு வீட்டு முகவரி.

மேற்கே மின்னுகிறது.
காலண்டர் தாளில் எழுதிய வேலைகளில்
ஒன்று மட்டும் அடிபடாமல் நிற்கிறது:
மாடிச் சலதாரை, சருகு.
டேய், எழுந்திரு,
ஏணியைப் பிடி.