முப்பத்திரண்டு எழுத்து

தார்த்து நகரில் வெள்ளிக்கிழமை.
மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
மிஞ்சிய மருந்து மூன்று குழாய்க்கு வரும்.
விதிப்படி கொட்டிவிட வேண்டும்.
விர்வே கொட்டவில்லை.

பஞ்சுக்குச்சியால் தன் கன்னத்தின் உட்புறம் ஒரு சுழற்று,
அவுவோர் கன்னத்தில் ஒன்று.
மூன்றாம் குழாயில் வெறும் தண்ணீர்.
களவென்றாலும் ஒப்பீடு வேண்டுமல்லவா.

ஜெல்லில் மின்சாரம் ஓடும் முக்கால் மணி நேரம்
கறுப்பு ரொட்டி, விர்வேயின் தீவிலிருந்து வந்த
புகையிட்ட தட்டைமீன்.
உப்பு போதாது என்றாள் அவுவோர்.
கிசுமுவில் ஏரிமீனை எப்படிக் கீறிப் பொரிப்பார்களென்று
காற்றில் கத்தி போட்டுக் காட்டினாள்.

வெள்ளணுவின் முகப்பில் ஒரு வாசல்.
சேதி வாங்க வைத்தது.
எச்.ஐ.வி. அந்த வழியாக நுழையப் பழகிக்கொண்டது.
பால்டிக் கரையில் பலருக்கு
வாசலை எழுதிய வரியில் முப்பத்திரண்டு எழுத்து இல்லை.
நம் உயிரும் மெய்யும் கூட்டினாலே முப்பதுதான்;
அதற்கும் மேலே இரண்டு போனபின்
மிச்ச வரி உளறிப் பாதியில் நின்றுவிடுகிறது,
வாசல் முகப்புக்கு வந்து சேர்வதில்லை.
விக்டோரியா ஏரிக்கரையில் அநேகமாக யாருக்கும்
ஓர் எழுத்தும் குறையவில்லை.
இங்கே குறைந்தவர்களை மட்டும் விட்டுவைத்துப் போனது
எந்தப் பழைய நோய், அம்மையா, வேறா,
நோயே இல்லையா?
அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

ஊதா வெளிச்சத்தில்
அவுவோருக்கு ஒரே பட்டை, மேலே, தடிமனாக.
விர்வேவுக்கு இரண்டு.
இழந்த பிரதி கனம் குறைந்து
சற்று முன்னால் ஓடியிருந்தது.
தண்ணீர் இருட்டாகவே இருந்தது. நல்லது.

"உனக்கு ஒரு கதவுதான்" என்றாள் அவுவோர்.
"எங்கள் அண்ணனுக்கு இரண்டும் இருந்திருக்கும்."
தொண்ணூற்றெட்டு. மாத்திரை வந்து சேராத வருடம்.
சொல்லும்போது கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்,
விரல் விரலாக.

விர்வேயின் தம்பி தைவோ.
காளான் பறிக்கப் போனவனை உண்ணி கடித்தது.
மூளையில் காய்ச்சல். ஒன்பது நாள்.
வாசல் இல்லாதவரை அந்தக் காய்ச்சல்
கடுமையாகத் தாக்கலாம் என்று ஒரு கட்டுரை.
அந்த 'லாம்' மீது
அவள் எத்தனையோ இரவு விழித்திருக்கிறாள்.
தைவோவின் ரத்தம்
எந்தக் குளிர்பெட்டியிலும் இல்லை.

அவள் இதைச் சொல்லவில்லை.
மீன்முள்ளைக் காகிதத்தில் மடித்தாள்.
படத்துக்குப் பெயர் கேட்டு
கணினியில் ஒரு கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது;
அணைத்தாள்.

பதிவேட்டில் அவுவோர்தான் எழுதினாள்:
மூன்று குழாய். கை தவறிச் சிந்தியது.